எஞ்சினில் குங்கிலியம் மணந்த கிழமை

ஒயில் அளவுக் கம்பியை இழுத்து என் மனுசன் என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இஞ்சேர், இதைப் பார்."

கம்பியின் நுனியில் இருந்தது எஞ்சின் ஒயில் மாதிரி இல்லை. நான் காலையில் அவருக்கு ஆற்றிக் கொடுத்த பால் தேத்தண்ணி மாதிரி இருந்தது. அதே நிறம், அதே நுரை. தொட்டு விரலில் உரசினால் வழுக்கவில்லை, பிசுபிசுத்தது.

"தண்ணி ஒயிலுக்கை இறங்கீட்டுது" என்றார். காரின் முன்பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் என் தங்கச்சி திரேசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தேன். கூட்டுகிற சத்தம் நின்றபடியால் கேட்டுவிட்டது என்று தெரிந்தது.

ஒரே ஒரு கார்

போன கிழமை, அகதியாய்க் கடல் கடந்த தோணிப் பயணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு பிள்ளை, "எல்லாரும் அக்கரைக்குப் போன நேரம் நீங்கள் ஏன் திரும்பி வந்தனீங்கள்?" என்று கேட்டாள். திரும்பி வந்ததற்குத் திரேசா ஒரு காரணம். மற்றக் காரணம் இந்தக் கார்.

வெள்ளைக்காரன் காலத்து இங்கிலீஸ் கார் அது. மன்னார்த் தீவின் நுனிப்பக்கம் கடற்கரையோரமாக இருக்கிற எங்கள் ஊரில் அப்போது ஓடக்கூடிய வாகனம் அது ஒன்றுதான். ரயில் நின்று போயிருந்தது. பஸ் வந்தால் வந்தது. பெற்றோல் கிடைக்காது. மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் ஒளித்து வைத்து, அதை ஊற்றி ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவார் அவர். பின்னால் போகிற கறுப்புப் புகையைப் பார்த்தே எங்கள் கார் வருகிறது என்று சனம் சொல்லும்.

நிற்கிற நேரத்தில் அதன் நிழலில் இரண்டு மூன்று கழுதைகள் படுத்திருக்கும். கார் வெளிக்கிடும்போது அவை எழும்பிச் சலிப்போடு பார்க்கும். எங்கள் தீவில் கழுதைகளுக்கு மனிதரைவிட உரிமை கூட.

திரேசாவின் முதல் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. வீட்டில் வைத்துப் பார்த்தார்கள், பிந்திவிட்டது. இந்த முறையும் பிள்ளை குறுக்காகக் கிடக்கிறது என்று மிட்வைஃப் அம்மா சொல்லிவிட்டா.

"வலி துவங்கினவுடன பட்டினத்துக்குக் கொண்டு போயிடுங்கோ. வீட்டிலை வைச்சுப் பாக்கிற அலுவலே வேண்டாம்."

மன்னார்ப் பட்டினத்து ஆஸ்பத்திரியில் அப்போது அகதிச் சனம் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தது. முன்கூட்டியே போய்ப் படுக்க இடமில்லை. திரேசாவின் புருஷன் அக்கரை அகதி முகாமில் இருந்தார். ஆகவே எல்லாம் அந்தக் காரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதுதான் பால் தேத்தண்ணி கக்கிக்கொண்டு நின்றது.

குருத்தோலை ஞாயிறுக்கு முதல் கிழமை அது.

காதர் நானாவின் ஈர்க்கு

காருக்கு ஒன்றென்றால் முன்பு காதர் நானா வருவார். எருக்கலம்பிட்டிக்காரர். முஸ்லிம் சனம் முழுவதும் ஊரை விட்டுப் போகவேண்டி வந்த அந்த வருஷம் அவரும் குடும்பத்தோடு கடலால் புத்தளம் பக்கம் போய்விட்டார். போகிறதுக்கு முன் சொல்லிக்கொள்ள வரவும் அவருக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. அவர் வேலைக்கு உடுத்துகிற எண்ணெய்ச் சாரம் ஒன்று எங்கள் கொட்டிலில் ஆணியில் கனகாலம் தொங்கியது. நான் அதைத் துவைத்து மடித்து அலுமாரியில் வைத்தேன்.

நானா வேலை செய்கிற நேரம் நான் வெளியே வரமாட்டேன். நான் அப்படி. பிற ஆம்பிளைகளுக்கு முன்னால் என் வாய் திறக்காது. திறந்தாலும் சத்தம் வராது. "காத்துக்குச் சொல்லாதை, எனக்குச் சொல்லு" என்று என் மனுசன் பகிடி பண்ணுவார். தேத்தண்ணியைக் குசினி வாசற்படியில் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பேன். நின்றால் பார்க்காமல் இருக்க முடியுமா?

காதர் நானா எஞ்சினின் மேல்தலையைக் கழற்றினால், பூட்டுகிறபோது ஒரு சத்தம் வைப்பார்.

"தங்கச்சி, விளக்குமாத்திலை ஒரு ஈர்க்கு உருவித் தாங்கம்மா."

எனக்கு விளங்காது. பல்லுக் குத்தவாக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு ஒரு நாள் பார்த்தேன். எஞ்சினின் உடம்புக்கும் தலைக்கும் நடுவில் செப்புத் தகடு ஒன்று வைப்பார்கள். அதைக் கஸ்கெட் என்பார்கள். அந்தத் தகட்டில் பெரிய வட்டங்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை. பசை பூசுகிறபோது நானா அந்த ஓட்டைக்குள் ஈர்க்கைக் குத்தி வைத்துக்கொண்டு பூசுவார். பூசி முடிந்ததும் உருவி எறிவார்.

"மேலை எண்ணெய் போற வழி இதுதான் தாஸ். இது அடைச்சுதெண்டா எஞ்சின் தண்ணியில்லாத மாடு" என்று என் மனுசனுக்குச் சொல்லுவார். அவர் சுருட்டுப் பற்ற வைத்துக்கொண்டு தலையாட்டுவார். அவர் கேட்டாரோ இல்லையோ, கதவுக்குப் பின்னால் நான் கேட்டேன்.

வள்ளம் பூசுகிற மாதிரி

காதர் நானா இல்லை. பட்டினத்தில் இருந்த மற்ற மெக்கானிக்கும் தோணியேறிவிட்டார். ஆகவே சூசை அத்தான் வந்தார்.

சூசை அத்தான் என் அக்காவின் புருஷன். வள்ளம் கட்டுகிற ஓடாவி. பெரிய கை, பெரிய வாய், பெரிய மனசு. எங்கள் கரையில் அவர் கட்டின வள்ளம் ஒழுகியதாக ஒருவரும் சொன்னதில்லை.

"ஒழுகுதெண்டால் ஓடாவியைத்தானே கூப்பிட வேணும். இதுக்கு ஏன் மெக்கானிக்?" என்றார்.

வள்ளத்தின் பலகை இடுக்குகளில் பஞ்சை அடித்து, அதன் மேல் குங்கிலியப் பிசினை இடித்து எண்ணெய் விட்டுக் காய்ச்சிய பசையை அப்புவார்கள். எவ்வளவு தடிப்பாக அப்புகிறார்களோ அவ்வளவு நல்லது. கடல் வெளியிலிருந்து தள்ளும். தள்ளத் தள்ளப் பசை உள்ளே இறுகும். கரையில் பிறந்த ஒருவருக்கும் இதில் சந்தேகம் வராது. எனக்கும் வரவில்லை.

இரண்டு பேரும் எஞ்சினின் தலையைக் கழற்றினார்கள். செப்புத் தகடு ஓர் இடத்தில் கருகி நெளிந்திருந்தது. அதைச் சிரட்டைக் கரியில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மெதுவாக்கி, நெளிவை எடுத்தார்கள். அது சரியான வேலைதான். காதர் நானாவும் அப்படித்தான் செய்வார். அதற்குப் பிறகுதான் சூசை அத்தான் சட்டியோடு வந்தார். தகட்டின் இரண்டு பக்கமும் அப்பினார். அடியில் இருக்கிற ஒயில் சட்டியின் விளிம்புக்கும் பஞ்சு வைத்து அப்பினார்.

"இனி இதைக் கடலிலை இறக்கினாலும் ஓடும்" என்றார்.

நான் குசினி வாசலில் நின்றேன். விளக்குமாறு கையில்தான் இருந்தது. ஒருவரும் ஈர்க்குக் கேட்கவில்லை. கேட்காமல் எப்படிக் கொடுக்கிறது? ஓடாவிக்குத் தெரியாததா என்று நினைத்து உள்ளே போய்விட்டேன்.

குருத்தோலை ஞாயிறு கழிந்து, புதன்கிழமை காலையில் ஹாண்டில் போட்டுச் சுற்றினார்கள். பிடித்தது. திரேசா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு காலம்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வாசம் வந்தது. எஞ்சின் சூடேறச் சூடேறக் குங்கிலியம் உருகி, தலையின் இடுக்கால் வழிந்து, சூட்டுக் குழாயில் விழுந்து புகைந்தது. முற்றம் முழுக்கச் சாம்பிராணிப் புகை போட்டது மாதிரி. பக்கத்து வீட்டு ஆச்சி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, "ஆர், பங்குச் சுவாமியோ வாறார்?" என்று கேட்டா.

சிரிக்க நேரமில்லை. எஞ்சினின் மேல் மூடிக்குள் டக் டக் டக் என்று ஒரு சத்தம் கிளம்பியது. தகரத்தில் கல் விழுகிற மாதிரி. அவர் பாய்ந்து நிறுத்தினார். மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த கம்பிகளும் நெம்புகளும் காய்ந்து கிடந்தன. ஒரு சொட்டு ஒயில் மேலே வரவில்லை.

இரண்டு ஆம்பிளைகளும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பசை காணாது போல" என்றார் சூசை அத்தான். "இன்னும் கொஞ்சம் தடிப்பா—"

நான் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினேன். நடந்து போய்க் காரின் மட்கார்ட்டின் மேல் வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தேன்.

"என்ன மச்சாள், பல்லுக் குத்தவோ? நாங்கள் இன்னும் சாப்பிடேல்லை" என்றார் அத்தான்.

வேலிக்கு அப்பால் திரேசா நின்றுகொண்டிருந்தாள். இப்போது சிரிப்பு இல்லை. அவளைப் பார்த்தபடியே சொன்னேன். ஆம்பிளைகளைப் பார்த்திருந்தால் வந்திராது.

"எண்ணெய் போற ஓட்டை அடைச்சுப் போச்சு. நானா அதுக்கை ஈர்க்கு வைச்சுத்தான் பூசுவார். இவ்வளவு பூசமாட்டார். தகட்டின்ர நிறம் தெரியுமளவுக்குத்தான் பூசுவார்."

"என்ன சொல்லுறாள்? காத்துக்குச் சொல்லுறாள்" என்றார் அத்தான்.

என் மனுசன் மட்டும் ஈர்க்கைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "ஓம். நானா ஒவ்வொரு முறையும் ஈர்க்குக் கேக்கிறவர். ஏனெண்டு நான் ஒரு நாளும் யோசிக்கேல்லை."

சம்மட்டி படாத நாள்

திரும்ப எல்லாவற்றையும் கழற்ற வேண்டி வந்தது. குங்கிலியம் ஆறினால் கல். பெரிய வியாழன் முழுவதும் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துச் சுரண்டினோம். அடைத்த ஓட்டைக்குள் ஈர்க்கை விட்டு விட்டு எடுத்தது நான். என் விரல்தான் அதற்குச் சின்னது.

பழுதான ஒயிலையும் எறியவில்லை. புதிய ஒயிலுக்கு எங்கே போகிறது? தகரத்தில் ஊற்றி வெயிலில் வைத்தேன். தண்ணீர் அடியில் தங்கியது. மேலே நின்றதை வடித்தெடுத்து, முற்றத்துக் கல்லடுப்பில் மெல்லிய நெருப்பில் வைத்தேன். நெய் காய்ச்சுகிறபோது சடசடவென்று பொரியும் அல்லவா, அப்படிப் பொரிந்தது. சத்தம் அடங்கினால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். பழைய வேட்டித் துணியில் இரண்டு தரம் வடித்தேன். கறுப்பாக இருந்தது, ஆனால் விரலில் வழுக்கியது.

வெள்ளிக்கிழமை வந்தது. பெரிய வெள்ளி.

எங்கள் ஊரில் அன்று சம்மட்டி தூக்கமாட்டார்கள். ஆண்டவரை ஆணியடித்த நாள். உரலில் இடிக்கிறதுகூட இல்லை. கோயில் மணி வியாழனோடு ஊமையாகிவிடும், மரக்கட்டையைத் தட்டித்தான் சனத்தைக் கூப்பிடுவார்கள். சூசை அத்தான் வியாழன் பின்னேரமே சம்மட்டி எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்.

அன்று பெருநிலப் பக்கத்தில் ஷெல் அடிக்கிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. அது அவரவர் கணக்கு. எங்கள் பக்கத்தில் ஒரு சம்மட்டியும் விழவில்லை.

ஒயில் சட்டிக்கு மட்டையில் கஸ்கெட் வெட்ட வேண்டும். மட்டையை விளிம்பின் மேல் வைத்துச் சின்னச் சம்மட்டியால் ஓரத்தைத் தட்டித் தட்டித்தான் அதை வெட்டுவார்கள்.

"உயிர்க் காரியமெண்டு சுவாமியும் சொல்லிப்போட்டார், செய்யலாமாம்" என்றார் அவர்.

"வேலை செய்யலாம் தாஸ். நான் மாட்டனெண்டு சொல்லேல்லை. சம்மட்டி மட்டும் கேக்காதை. இண்டைக்கு என்ர கை தூக்காது" என்றார் அத்தான்.

"ஞாயிறுக்குப் பிறகு பாப்பமோ?" என்று அவர் கேட்டார்.

"பிள்ளை ஞாயிறு மட்டும் நிக்குமோ எண்டு அதைக் கேட்டுச் சொல்லு."

மட்டை என்று இருந்தது பழைய கோயில் கலண்டர்கள்தான். முன்பக்கத்தில் மாதா படம். அதை வெட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை. நான் தண்ணீர் தடவி ஊறவைத்துப் படங்களை மெல்ல உரித்தெடுத்துக் காயப்போட்டேன். மட்டைகளைக் கழுதைக்கு எட்டாமல் கொட்டிலுக்குள் வைத்திருந்தேன். ஒன்றின் மேல் ஒயில் தகரத்தை வைத்தது மறந்துபோயிற்று. தகரத்தைத் தூக்கினால் மட்டையில் வட்டமாக ஒரு கறை. தகரத்தின் அடி விளிம்பு அப்படியே, ஒரு நூல் பிசகாமல் பதிந்திருந்தது.

அந்த மட்டையை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன்.

"தட்டத் தேவையில்லை. சட்டியின்ர விளிம்பிலை ஒயிலைத் தடவிப்போட்டு மட்டையிலை அமத்துங்கோ. நான் கத்தரிக்கோலாலை வெட்டித் தாறன்."

இந்த முறை அத்தானுக்கும் கேட்டது.

விளிம்பு பதிந்தது. நட்டுப் போகிற துளைகளும் கண் கண்ணாகப் பதிந்தன. துளைகளை, மணலில் பொறுக்கின வெற்றுத் தோட்டாக் கோதின் வாயைக் கல்லில் தீட்டி, அதை வைத்துத் திருகித் திருகி எடுத்தோம். ஒரு மட்டை நீளம் காணாது. துண்டுகளை எப்படிச் சேர்க்கிறது என்று நான் யோசிக்க, அத்தான் என் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கினார். வள்ளப் பலகைக்குக் கொக்கி வைக்கிற மாதிரி ஒன்றுக்குள் ஒன்று பூட்டும்படி நுனிகளை வெட்டினார். பொருத்தின இடம் கண்ணுக்குத் தெரியவில்லை.

"இதிலை எண்டாலும் ஓடாவி தேவைப்பட்டான்" என்றார்.

செப்புத் தகட்டுக்குக் குங்கிலியம் வேண்டாம் என்று முடிவாயிற்று. அத்தானிடம் கதிரை மேசைக்குப் பூசுகிற அரக்குப் பொலிஷ் ஒரு போத்தல் இருந்தது. வள்ளத்துக்குப் பெயர் எழுதுகிற மெல்லிய தூரிகையால் அவரே பூசினார். நான் ஈர்க்கை ஓட்டைக்குள் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு தடவை பூசிவிட்டுக் கை திரும்பவும் போத்தலுக்குப் போனது. என்னைப் பார்த்தார்.

"காணும், அத்தான்" என்றேன்.

"இவ்வளவும் போதுமெண்டால், நான் இவ்வளவு நாளும் குங்கிலியத்தைக் கடலுக்கெல்லோ குடுத்திருக்கிறன்" என்று முணுமுணுத்தபடி தூரிகையை வைத்தார்.

விரலில் ஒட்டியும் ஒட்டாத பதம் வந்ததும் தலையைத் தூக்கி வைத்தார்கள். பேதிக்கு வைத்திருந்த ஆமணக்கெண்ணெயை, உரசுகிற இடமெல்லாம் முதல் சுற்றுக்குக் காயாமல் இருக்கத் தடவினோம்.

"திரேசா, எஞ்சினுக்குப் பேதி குடுத்திருக்கிறம், நாளைக்குப் பறக்கும்" என்று அத்தான் வேலிக்கு மேலால் சொன்னார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்கப் பண்ணாதைங்கோ அத்தான், நோகுது" என்றாள்.

சென்றியில்

சனிக்கிழமை காலை அவர் ஒயில் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே திரேசா வேலிக் கதியாலைப் பிடித்தாள். பிடித்த கையை எடுக்கவில்லை.

பரீட்சித்துப் பார்க்கிற நேரமெல்லாம் போய்விட்டது. அத்தான் ஹாண்டிலைச் சுற்றினார். ஒரு முறை. இன்னொரு முறை. பிறகு பிடித்தது. அவர் ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். உள்ளே குனிந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு நெம்புகளின் மேல் கறுப்பாக, மெல்லியதாக, ஒரு பளபளப்பு ஊறி வந்தது.

"வந்திட்டுது" என்றேன்.

பின் சீற்றில் திரேசாவின் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். பாதை முழுக்கக் கிடங்கு. ஒவ்வொரு கிடங்குக்கும் அவள் என் கையை நெரித்தாள். நான் டக் டக் என்ற சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. முன் கண்ணாடியில் அவர் என்னைப் பார்ப்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். பேசாமலே அப்படிக் கதைத்துக்கொண்டு போனோம்.

பட்டினத்துக்குக் கிட்ட, ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற சென்றி. எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்கள். நிறுத்தினால் திரும்பப் பிடிக்குமா? அவர் சாவியில் கையை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு நிறுத்தினார். எங்கும் ஒரே அமைதி.

ஒரு சின்ன வயது ஆமிக்காரன் குனிந்து உள்ளே பார்த்தான். பிறகு மூக்கைச் சுருக்கினான். சூட்டுக் குழாயில் ஒட்டியிருந்த மிச்சக் குங்கிலியம் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"பள்ளியட்டத யன்னே?" என்றான் சிங்களத்தில். கோயிலுக்கா போகிறீர்கள் என்று கேட்கிறான்.

"இஸ்பிரித்தாலேட்ட, மாத்தயா" என்றார் அவர். ஆஸ்பத்திரிக்கு.

அந்த நேரம் பார்த்துத் திரேசா கத்தினாள். பெடியன் பயந்து இரண்டடி பின்னால் போனான். "யன்ன, யன்ன", போங்கள் போங்கள் என்று, பாதைக்குக் குறுக்கே போட்டிருந்த தடியை அவனே தூக்கினான். எஞ்சின் பிடிக்கவில்லை. அவர் ஹாண்டிலை எடுக்க இறங்கப் பார்க்க, அவன் மறித்து, துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு இன்னொருவனையும் கூப்பிட்டுப் பின்னால் தள்ளினான். கார் உருண்டு, இருமி, பிடித்தது.

முற்றத்தில்

ஆஸ்பத்திரியில் திரேசாவை உடனே உள்ளே கொண்டு போனார்கள். நாங்கள் வாகை மரத்தடியில் இருந்தோம். வெயில் ஏறி, பிறகு சாய்ந்தது. செபமாலை என் கையில் இருந்தது. மணிகளில் ஒயில் ஒட்டியிருந்தது.

நேர்ஸ் மிஸ்ஸி வாசலுக்கு வந்து, "திரேசாவின்ர ஆக்கள் ஆர்?" என்று கேட்டா. நான் எழும்பினேன். கையைத் தூக்கினேன்.

"பொம்பிளைப் பிள்ளை. வெட்டித்தான் எடுத்தது. ரெண்டு பேரும் சுகம். பிந்தியிருந்தா சொல்லேலாது." என் கையைப் பார்த்தா. "உந்தக் கையோடை பிள்ளையைத் தொடாதைங்கோ. கழுவிப்போட்டு வாங்கோ."

சவர்க்காரம் போட்டு மூன்று நாலு தரம் கழுவினேன். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை. அந்தக் கையோடுதான் பிள்ளையை வாங்கினேன். மிஸ்ஸி வேறு பக்கம் பார்த்துக்கொண்டா.

திரும்பி வந்தபோது அவர் காரின் பொனற்றைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது. மரத்தடியில் இருந்த சனம் வேடிக்கை பார்த்தது.

"எஞ்சின் ஆறீட்டுது" என்றார். "முதல் ஓட்டம் ஓடி ஆறின பிறகு தலையைத் திரும்ப ஒருக்கால் இறுக்க வேணுமெண்டு நானா சொல்லுறவர். அது எனக்கு ஞாபகம். எந்த நட்டிலை துவங்கிறதெண்டு ஞாபகம் இல்லை. இஞ்சேர், எதிலை?"

ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அத்தனை சனமும் என்னைப் பார்த்தது. ஒளிந்து நிற்க அங்கே கதவு இல்லை.

"நடுவிலை" என்றேன். "நடுவிலை துவங்கி, ரெண்டு பக்கமும் மாறி மாறி வெளியாலை போங்கோ."

அவர் நடுவில் ஸ்பானரை வைத்தார். கொஞ்சம் அசைந்தது. நான் கையால் காட்டக் காட்ட அடுத்தது, அதற்கு எதிர்ப்பக்கம், அடுத்தது என்று போனார். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் இடங்கொடுத்தது. கடைசி நட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கத் தெண்டித்தார்.

"காணும்" என்றேன்.

மரத்தடியில் இருந்தவர்களுக்கும் கேட்டது. அவர் ஸ்பானரை எடுத்தார்.